ஆறாம் நம்பரின் காய்ச்சல்

ஆறாம் நம்பருக்கு மறுபடியும் காய்ச்சல் கண்டிருந்தது.

ராபின்சன் மடிக்கணினியை இன்னும் அருகில் இழுத்து வைத்துக்கொண்டான். அவன் முன்னால் மேசைமேல் எட்டுச் சிப்புகள் வரிசையாக இருந்தன. முந்தின நாள் மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் எட்டும் முப்பது டிகிரியில் ஒற்றுமையாக இருந்ததாகத் திரை சொன்னது. இரண்டு பத்துக்கு ஆறாம் நம்பர் மட்டும் ஏறத் தொடங்கி, ஐந்தே நிமிடத்தில் முப்பத்தாறரைக்குப் போய் நின்றுவிட்டது. இரண்டு ஐம்பதுக்கு இறங்கி, மூன்று மணிக்கெல்லாம் ஒன்றும் அறியாத பிள்ளைபோல மற்ற ஏழோடும் சேர்ந்துகொண்டது. அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். அதற்கும் முந்தின நாளும் அப்படித்தான்.

முப்பத்தாறரை என்பது மனுஷ உடம்பின் சூடு. அந்த நினைப்பு வந்ததும் அதை வந்த வழியே அனுப்பிவிட்டு, ராபின்சன் எழுந்து போய் பால் விடாத ஒரு கட்டன் சாயா குடித்தான்.

அவை கடிகாரச் சிப்புகள். ஆர்.டி.சி. என்று தொழில்காரர்கள் சொல்வார்கள். விரல் நகத்தைவிடச் சிறியவை. கரண்ட் இருந்தாலும் போனாலும் ஒரு பொத்தான் பேட்டரியின் தயவில் நேரத்தை எண்ணிக்கொண்டே இருக்கும். உள்ளே ஒரு படிகம் விடாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த அதிர்வுதான் கணக்கு. ஆனால் சூடு கூடினாலும் குறைந்தாலும் படிகத்துக்குத் தாளம் தப்பிவிடும். அதனால் நல்ல சிப்புகள் தங்கள் சூட்டைத் தாங்களே அளந்து பார்த்துத் தாளத்தைத் திருத்திக்கொள்ளும். அந்தச் சூட்டை நிமிடத்துக்கு ஒரு தடவை கணினியில் குறிக்கும்படி ராபின்சன் ஏற்பாடு செய்திருந்தான்.

பாறசாலை ஜங்ஷனில் அவனுக்கு ஒரு ரிப்பேர் கடை. இன்வெர்ட்டர், மிக்ஸி, மோட்டார் ஸ்டார்ட்டர் என்று வருவதையெல்லாம் பார்ப்பான். சித்திரைத் தொடக்கத்தில் பெருங்கடவிளையிலிருந்து தீபு என்ற பையன் வந்தான். விவசாயிகள் கூட்டமைப்பு ஒன்றின் செயலாளர். ஆரியங்கோட்டிலிருந்து பூவார் வரைக்கும் நெய்யாற்றின் கரையோரம் நாற்பது மழைமானிகள் வைக்கப்போவதாகவும், மேலே எத்தனை மணிக்குப் பெய்த மழை கீழே எத்தனை மணிக்கு வந்து சேருகிறது என்று பூவாரில் படகு ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டுமென்றும் சொன்னான். போன வருஷம் முன்னறிவிப்பில்லாமல் தண்ணீர் வந்து இரண்டு படகு போய்விட்டதாம். ஆறு மாதம் யாரும் தொடாமல் இருந்தாலும் ஒரு நிமிடத்துக்குமேல் பிசகாத கடிகாரம் வேண்டும். சந்தையிலோ பாதிச் சிப்புகள் போலி. நான்கு கடைகளில் இரண்டிரண்டாக வாங்கி, பன்னிரண்டு நாள் இடைவிடாமல் ஓடவிட்டு, எது நல்லது என்று எழுதித் தர ராபின்சன் ஒப்புக்கொண்டான். ஜூன் ஒன்றாம் தேதி தொடங்கும் பருவமழைக்கு முன்னால் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒருவர் அவனிடம் பழையதைச் சரியாக்கச் சொல்லாமல் புதிதாக ஒன்றைச் செய்யச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சோதனைக்கு ஆள் நடமாட்டம் இல்லாத, காற்றாடி இல்லாத அறை தேவைப்பட்டது. ஆரியங்கோட்டில் ரப்பர் மரங்கள் நிற்கும் விளைக்கு நடுவே இருந்த அவன் வீட்டில் அப்படி ஓர் அறைதான் உண்டு. ஏழு மாதத்துக்கு முன் காலமான அவன் அப்பா, சபையில் ஊழியம் செய்துவந்த யோசுவா உபதேசியாரின் அறை.

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் ராபின்சன் எழுந்து நின்றுவிடுவான். வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடும், பகுத்தறிவு பேசும் யுக்திவாதிக் கூட்டத்துக்கு அவன்தான் செயலாளர். உறுப்பினர்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் வாசகசாலை மின்விசிறிக்காக வருகிறவர்கள். உபதேசியாரின் ஒரே மகன் இப்படி ஆனதில் சபைக்கு வருத்தம். உபதேசியார் மட்டும் மகனிடம் ஒரு நாளும் தர்க்கம் செய்ததில்லை. சாப்பாட்டுக்கு முன் ஜெபத்தில் மகன் பெயரையும் சேர்த்துக்கொள்வார். ஜெபம் முடிவதற்குள் மகன் பாதிச் சோறு தின்றிருப்பான்.

சாயா குடித்துவிட்டு வந்தவன் ஆறாம் சிப்பைக் கழற்றி இரண்டாம் இடத்திலும், இரண்டாம் சிப்பை ஆறாம் இடத்திலும் மாட்டினான். சிப் கெட்டது என்றால் காய்ச்சல் அதோடு போகும். எளிய காரியம்.

மறுநாள் காய்ச்சல் ஆறாம் இடத்திலேயே இருந்தது. புதிதாக அங்கே வந்த சிப் இரண்டு பத்துக்கு முப்பத்தாறரைக்கு ஏறியிருந்தது. இரண்டாம் இடத்துக்குப் போன பழைய ஆறு, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததுபோலக் குளிர்ந்துகிடந்தது. ராபின்சன் இரண்டையும் பழையபடியே மாற்றி மாட்டினான். குற்றம் சிப்பில் இல்லை, மேசையில் அந்த இடத்தில்.

அங்கேதான் அவன் முதல் தவறைச் செய்தான். மனைவியிடம் கேட்டான்.

ஜெஸ்னா அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். மத்தியானத்தில் அந்த அறைக்குள் போகிறாளா என்று கேட்டதற்கு, பூட்டிக்கிடக்கிற அறைக்குள் தனக்கு என்ன ஜோலி என்றாள். பூனை ஏதாவது போகிறதா என்றான். பூனை செத்து இரண்டு வருஷமாயிற்று என்றாள். அவன் காய்ச்சலைப் பற்றிச் சொன்னான். நேரத்தையும் சொன்னான். ஜெஸ்னாவின் கத்தி நின்றது.

"மேசையில எந்த மூலை?"

"கட்டில் கெடந்த பக்கத்து மூலை."

"அது மாமாக்க கை இருக்குத எடமாக்கும்," என்றாள் ஜெஸ்னா.

கடைசி ஒரு வருஷமாக மாமா மத்தியானச் சாப்பாடு முடிந்து, சரியாக இரண்டு பத்துக்குப் படுப்பார். இரண்டு ஐம்பதுக்கு எழுந்துவிடுவார். அவ்வளவு நேரமும் இடது கையை நீட்டி மேசையின் அந்த மூலையில் வைத்துக்கொண்டுதான் உறங்குவார். மத்தியானத்தில் கடையில் இருக்கிற ராபின்சனுக்கு இது தெரிய வழியில்லை.

"ஞாயிற்றுக்கெழமை பாத்திருக்கலாமே," என்று அவன் தன்னையே கேட்பதுபோலச் சொன்னான்.

"ஞாயிற்றுக்கெழமை நீங்க கூட்டத்துக்குல்லா போவிய. ரெண்டு மூணு பிராவசியம் மாமா கேட்டாரு, அவன் வந்து கொஞ்ச நேரம் இருப்பானான்னு. நான் சொல்லல்ல. சொன்னா நீங்க வழக்கடிப்பியன்னு நெனச்சேன்."

ராபின்சன் கடைக்குக் கிளம்பினான். திரும்பும்போது ஒரு புதிய பூட்டு வாங்கிவந்து அறைக்குப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டான். இனி யாரும் உள்ளே போகிறார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவன் அதை விஞ்ஞானமாகத்தான் செய்தான். ஜெஸ்னா பார்த்தது வேறு. செத்த அப்பாவை மகன் உள்ளே வைத்துப் பூட்டுகிறான்.

அவள் அதை ஒரே ஒருவரிடம்தான் சொன்னாள். ஆனால் அந்த ஒருவர் செல்லபாய். பெண்கள் ஜெபக்குழுவின் தலைவி. அவரிடம் ஒரு சேதி சொன்னால் அது நெய்யாற்றின்கரை வரைக்கும் பஸ் ஏறாமலே போய்விடும்.

வெள்ளிக்கிழமை ராபின்சன் கடையிலிருந்து வந்தபோது வாசலில் பதினெட்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. பூட்டை யாரும் உடைக்கவில்லை. பின்பக்கக் கதவு ஒன்று உண்டு என்பது வீட்டுக்காரனுக்கு மறந்திருந்தது, ஜெபக்குழுவுக்கு மறக்கவில்லை. பதினெட்டுப் பெண்களும் அந்தச் சின்ன அறைக்குள் மேசையைச் சுற்றி நின்று, பாட்டுப் பாடி முடித்து, சிப்புகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சிப்பிலும் ஒரு சிவப்பு விளக்கு விநாடிக்கு ஒரு தடவை மின்னிக்கொண்டிருந்தது. செல்லபாய் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"மக்கா ராபின்சா, இதில எதுவாக்கும் உபதேசியாரு?"

அவன் எதுவும் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு கை நீண்டு ஆறாம் நம்பரைக் காட்டியது. அது ஜெஸ்னாவின் கை. செல்லபாய் தம் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் கண்ணை மூடி ஜெபித்தார். ஆமென் சொல்லிக் கையை எடுத்தபோது இரண்டு கம்பிகள் வளையலில் மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டன.

அன்றைய கணக்கில், பதினெட்டுப் பேரின் மூச்சுச் சூட்டில் எட்டுச் சிப்புகளும் முப்பத்து மூன்று டிகிரிக்கு ஏறியிருந்தன. ஆறாம் நம்பர் நின்றேபோயிருந்தது. பன்னிரண்டு நாள் இடைவிடாமல் ஓட வேண்டிய சோதனை ஏழாம் நாளில் முடிந்தது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சனிக்கிழமை புதிதாகத் தொடங்கினான். யாரும் கிட்ட வராமல் இருக்க இரண்டு கதவிலும் "அபாயம்! உள்ளே மின்சாரம். தொடாதீர்கள்" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினான். மேலே ஒரு மண்டையோடும் வரைந்தான். படம் நன்றாகவே வந்திருந்தது.

நன்றாக வந்ததுதான் வினையாகிவிட்டது. அடுத்த விளையில் கிருஷ்ணன்குட்டி என்று ஒரு பால்வெட்டுத் தொழிலாளி. விடிகாலையில் ரப்பர் வெட்ட வருகிறவர் அந்த மண்டையோட்டை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டார். யுக்திவாதி ராபின்சனே மண்டையோடு வரைந்து ஒட்டிவிட்டான் என்றால் காரியம் கைமீறிப்போய்விட்டது என்றுதான் அர்த்தம். அவருடைய மனைவி விஜயம்மாவும் அதையே சொன்னாள். மதம் வேறாக இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரன், அதிலும் தைரியமில்லாதவன். நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை ராபின்சன் கணக்கைத் திறந்தபோது நேரம் நின்றிருந்தது. சிப்புகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றை ஒத்துப்பார்க்கும் சரியான நேரம்தான் இல்லை. அந்த நேரத்தை வானத்துச் செயற்கைக்கோள்களிடமிருந்து வாங்குவதற்காக ஜன்னலுக்கு வெளியே ஒரு சிறிய கறுப்பு ஆன்டெனா வைத்திருந்தான். போய்ப் பார்த்தால் அதன்மேல் மந்திரம் எழுதிய செம்புத்தகடு ஒன்று நூல் சுற்றி இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு எலுமிச்சம்பழம். செம்பு மூடிய ஆன்டெனாவுக்கு வானம் இல்லை.

வேலிக்கு அப்புறம் நின்றுகொண்டு கிருஷ்ணன்குட்டி கையைக் காட்டினார்.

"ஒண்ணும் பயப்படண்டா ராபின்சா. அது கறுப்பா வெளிய எட்டிப் பாத்தோண்டிருந்துது. நான் கண்ணைக் கட்டியாச்சு."

ராபின்சன் நன்றி சொன்னான். தகட்டை அவிழ்த்து, கவனமாக மடித்து, கிருஷ்ணன்குட்டிக்குத் தெரியாமல் அலமாரியில் வைத்தான். எலுமிச்சம்பழத்தை ஜெஸ்னா ஊறுகாய் போட மறுத்துவிட்டாள்.

மே பன்னிரண்டாம் தேதி மூன்றாம் தடவையாகத் தொடங்கினான். இனி ஒரு தடவை தவறினால் மழைக்கு முன் முடியாது. தீபுவைக் கூப்பிட்டு எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று பொய் சொன்னான். ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்றான் தீபு. ராபின்சன் மண்டையோட்டைக் கிழித்தான். பின்கதவுக்கும் பூட்டுப் போட்டான். இந்தத் தடவை ஒருவரும் வரவில்லை. காய்ச்சல் மட்டும் ஒரு நாள் விடாமல் வந்தது. இரண்டு பத்துக்கு ஏறும், இரண்டு ஐம்பதுக்கு இறங்கும். அவன் கடையில் ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து ஆனதும் கை தானாக நின்றுவிடும்.

பதினெட்டாம் தேதி செல்லபாயின் பேத்தி அஞ்சுவுக்குத் திருவனந்தபுரத்தில் கல்யாணம். அந்த இடவழியில் இருந்த எல்லா வீடுகளையும் பூட்டிக்கொண்டு ஒரு பெரிய வேனில் காலை ஏழு மணிக்கே கிளம்பினார்கள். ராபின்சன், ஜெஸ்னா, ஜெபக்குழு முழுவதும், கிருஷ்ணன்குட்டி, விஜயம்மா, எல்லாரும். மண்டபத்துக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. பிரியாணிக்கு நீண்ட வரிசை. வரிசையில் நிற்கும்போது ராபின்சன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு பத்து. அவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்குக் கட்டாயம் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வீட்டில் மட்டுமல்ல, அந்த இடவழியிலேயே மனுஷன் இல்லை.

திரும்பும்போது நெய்யாற்றின்கரை தாண்டியதும் தூறல் பிடித்துக்கொண்டது. வீடு வந்து சேர இருட்டிவிட்டது. நல்ல சட்டையைக்கூடக் கழற்றாமல் ராபின்சன் போய்க் கணக்கைத் திறந்தான்.

மற்ற ஏழு சிப்புகளும் அன்று வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தன. இருபத்தேழு. அடுப்பு எரியாத, ஆள் இல்லாத வீடு குளிரத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டான். ஆறாம் நம்பர் இரண்டு பத்துக்கு ஏறி முப்பத்தாறரையில் நின்றிருந்தது. இரண்டு ஐம்பதுக்கு இறங்கியிருந்தது.

அன்று முதல் ராபின்சனுக்கு உறக்கம் குறைந்தது. அறைக் கதவைத் தாண்டிப் போகும்போது காலை மெதுவாக எடுத்துவைக்கத் தொடங்கினான். ஒரு நாள் சாயங்காலம் கதவைத் திறப்பதற்கு முன் தான் தட்டிவிட்டதைக் கண்டுபிடித்தான். ஜெஸ்னா பார்த்தாளா என்று திரும்பினான். பார்த்துவிட்டாள்.

இருபத்து நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை சோதனையின் கடைசி நாள். சாப்பிட்டு முடித்ததும் ஜெஸ்னா வழக்கம்போலக் கூட்டத்துக்குக் குடையை எடுத்துக் கொடுத்தாள். தலைவலிக்கிறது, போகவில்லை என்றான். யுக்திவாதிக் கூட்டத்தின் சரித்திரத்தில் செயலாளர் வராத முதல் ஞாயிறு அது. ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு, பூட்டைத் திறந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மணி ஒன்று ஐம்பது. முன்பு கட்டில் கிடந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். அறையில் இன்னும் தைலத்தின் வாசனை இருந்தது. ஓட்டின்மேல் ரப்பர் இலை உரசும் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. எட்டுச் சிவப்பு விளக்குகளும் ஒரே நேரத்தில் மின்னி ஒரே நேரத்தில் அணைந்தன. இரண்டு மணி ஆயிற்று. இரண்டு ஐந்து ஆயிற்று. கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவதுபோல இருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டான். பிறகு திரும்பிப் பார்த்தான். சுவரில் அப்பாவின் சட்டை மாட்டும் ஆணி மட்டும் இருந்தது.

இரண்டு எட்டுக்கு அவன் வாய் தானாகத் திறந்தது.

"அப்பா, நான் வந்திருக்கேன்," என்றான். சத்தம் மிகவும் சின்னதாக வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையனின் சத்தம்.

மேசை மூலையில் ஏதோ அசைந்தது. வெளுப்பாக, கையகலத்துக்கு, விளிம்பின்மேல் ஏறிவந்தது. விரல் நீட்டினதுபோல ஆறாம் நம்பரைத் தொட்டது. பிறகு அதை முழுக்க மூடிக்கொண்டது.

ராபின்சன் எத்தனை நேரம் மூச்சுவிடாமல் இருந்தான் என்று அவனுக்கே தெரியாது. பிறகுதான் தலையை மெதுவாக மேலே தூக்கினான். கூரையில், உத்திரத்தை ஒட்டி, ஒற்றைக் கண்ணாடி ஓடு. வெளிச்சத்துக்காக எந்தக் காலத்திலோ வைத்தது. பாதிக்குமேல் பாசி படர்ந்து, இலை மூடி, மீதிக் கையகலத்தில் மட்டும் வெயில் வடிந்துகொண்டிருந்தது.

கையை நீட்டினான். உள்ளங்கையில் இதமான சூடு. அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கை எப்போதும் குளிர்ந்து தணுத்துக்கிடக்கும். அந்த வெயில் வரும் நேரத்துக்கு வந்து, வெயில் போகும் நேரம் வரைக்கும் கையை அங்கே வைத்திருந்திருக்கிறார். இவ்வளவுதான் விஷயம். ராபின்சன் சிரிக்க ஆரம்பித்தான். சத்தம் கேட்டு ஜெஸ்னா கதவைத் திறந்தபோது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்; கண்ணோரம் நனைந்திருந்தது சிரிப்பினால்தானா என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் கடைக்கு லீவு. இரண்டு மணிக்கு செல்லபாய், கிருஷ்ணன்குட்டி, விஜயம்மா, வர முடிந்த எல்லாரையும் அறையில் கூட்டி நிறுத்தினான். இரண்டு பத்துக்கு வெயில் மேசையேறி ஆறாம் நம்பரை மூடியது. திரையில் எண்கள் கண்ணெதிரே ஏறின. ராபின்சன் இருபது வருஷமாக வாசகசாலையில் ஐந்து பேரிடம் பேசிப் பழகிய பேச்சை முதல் தடவையாக ஒரு முழுக் கூட்டத்திடம் பேசினான்.

"பதினெட்டாம் தேதி இந்த இடவழியில ஒரு குஞ்சுகூட இல்ல. நாம எல்லாரும் அஞ்சுக்க கல்யாணத்தில பிரியாணி தின்னோண்டிருந்தோம். அண்ணைக்கும் இது முப்பத்தாறரை. அப்போ நம்ம கூட வேன்ல ஏறாத ஆளு யாராக்கும்? ஒருத்தருதான் உண்டு. மேல நிக்குத சூரியன்."

கிருஷ்ணன்குட்டி சிரித்துவிட்டார். விஜயம்மா தகட்டைத் திருப்பிக் கேட்டாள். செல்லபாய் கண்ணாடி ஓட்டையும் சிப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பதினெட்டுப் பேர் ஒரு மணி நேரம் ஜெபித்தது வெயிலுக்காக என்பதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

"செரி மக்கா," என்றார் கடைசியில். "வெயிலும் கர்த்தரு தாறதுதானே."

எல்லாரும் போன பிறகு ஜெஸ்னா மட்டும் மேசைப் பக்கம் நின்றாள். வெயில் மூலையை விட்டு இறங்கும் வரைக்கும் நின்றாள். உபதேசியார் இரண்டாம் தடவையாகப் போய்விட்டதுபோல அவள் முகம் இருந்தது.

அறிக்கையை அவன் மிகவும் ரசித்து எழுதினான். எட்டில் மூன்று போலி. நான்கு நல்லவை, ஆனால் சூடு மாறினால் தாளம் தப்புகின்றன. ஒரே ஒரு சிப், ஆறாம் நம்பர், தினமும் நாற்பது நிமிடம் வெயிலில் வெந்தும் பன்னிரண்டு நாளில் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பிசகவில்லை. காய்ச்சல் வந்ததே நல்லதாகப் போயிற்று. அந்தச் சிப்பின் தரம் அதனால்தான் தெரிந்தது. கடைசிப் பக்கத்தில் கண்ணாடி ஓட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதி, பதினெட்டாம் தேதிக் கணக்கைத் தனியாக எடுத்துக் காட்டினான். ஆள் தலையீடு இல்லை, வெயில் மட்டுமே காரணம் என்பதற்கு அந்த நாளே சாட்சி என்று முடித்து, இருபத்தாறாம் தேதி தீபுவுக்கு அனுப்பினான்.

இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் அறையைக் காலி செய்துகொண்டிருந்தான். ஒரு மணியிலிருந்து வெளியே நல்ல மழை. கண்ணாடி ஓடு சாம்பல் நிறத்தில் இருந்தது. ஏழு சிப்புகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று. ஆறாம் நம்பரின் கம்பியில் கை வைத்தபோது கைபேசி அடித்தது.

தீபு. குரலில் உற்சாகம். இப்படி ஓர் அறிக்கையை எஞ்சினீயர்மாரிடமிருந்துகூட வாங்கியதில்லை என்றான். ஆறாம் நம்பர் சிப்பையே வைத்து நாற்பது மழைமானியையும் ராபின்சனே செய்து தர வேண்டும் என்றான். ராபின்சன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். ஜெஸ்னாவைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். இன்னும் ஒருவரிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்த நினைப்பை இந்தத் தடவை திருப்பி அனுப்பவில்லை.

"அண்ணா, ஒரேயொரு சம்சயம் உண்டு," என்றான் தீபு. "கடைசிப் பக்கத்தில பதினெட்டாம் தேதியப் பத்தி எழுதியிருக்கியளே."

அதுதான் அந்த அறிக்கையிலேயே முக்கியமான இடம் என்று ராபின்சன் பெருமையாகச் சொன்னான். வீடு பூட்டிக்கிடந்தது, இடவழியில் ஒருவரும் இல்லை, உள்ளே வந்தது வெயில் ஒன்றுதான் என்று விளக்கினான்.

ஓட்டின்மேல் மழை இரைந்தது. மேசை மூலையில் ஆறாம் நம்பர் மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது.

"அண்ணா, அண்ணைக்கு நான் சிப்பு பாக்கணும்னு உங்க வீட்டுக்கு வந்தேன், ஆளில்லாம பன்னெண்டு மணி முதல் மூணு மணி வரைக்கும் உங்க முற்றத்து ஷெட்டில ஒதுங்கி நின்னேன், மழை ஒரு நிமிஷம்கூட விடல்ல, எதிர்த்தாப்பில நிக்குத ரப்பர் மரம்கூடக் கண்ணுல தெரியல்ல."